பெரியப்பாவுக்கு அட்டாக் வந்ததிலிருந்து அப்பா தானாகவே ஆஸ்பிரின் போடுகிறார், இது சரியா?

அமராவதிக்கரை:

வணக்கம். ஊர் கரூர். அப்பாவுக்கு 64 வயது, பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ரொம்ப வருடமாக பிபி உண்டு, சர்க்கரை இல்லை. பீடி பிடித்துக்கொண்டிருந்தார், விட்டு நாளாகிவிட்டது.

சமீபத்தில் பெரியப்பாவுக்கு 67 வயதில் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று வரிசையாக இருந்ததை அப்பா பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு வந்தது எனக்கும் வரும், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்று மெடிக்கலில் எக்கோஸ்பிரின் 75 வாங்கி தினமும் ராத்திரி போட ஆரம்பித்துவிட்டார். அது மட்டும் என்றால்கூட விட்டிருப்பேன். அதோடு பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டால் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, அப்புறம் எதற்கு அது, ரொம்ப நாள் போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார். அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒருவர் ஆஸ்பிரின் எல்லோரும் போடலாம் என்கிறார், இன்னொருவர் விஷம் என்கிறார். ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

---

சேலத்து மருந்தாளுநர்:

தம்பி, அப்பாவை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், தள்ளிப் போடாதீர்கள். பெரியப்பாவும் அப்பாவும் ஒரே மாத்திரையைப் போட்டாலும் இருவர் நிலைமையும் வேறு. பெரியப்பாவுக்கு ரத்தக் குழாய்க்குள் உலோக வலை இருக்கிறது, அதன் மேல் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறைந்தால் மறுபடி அட்டாக். அதனால் அவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் ஒரு வேளைகூட விடக் கூடாது. அப்பாவுக்கு இதுவரை எதுவும் வரவில்லை, அவருக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் லாபம் சின்னது, ரத்தக் கசிவு ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும். பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். பிபி ஏறி மூளைக்குள் ஒரு குழாய் வெடித்தால், ரத்தம் சீக்கிரம் உறையாமல் போவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இரண்டு விஷயம் அப்பாவிடம் கேளுங்கள். மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா? அப்படி என்றால் வயிற்றில் ரத்தம் கசிகிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. இன்னொன்று, முட்டி வலி, இடுப்பு வலி என்று டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? பட்டறையில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் போடுகிறார்கள். ஆஸ்பிரினோடு அது சேர்ந்தால் வயிற்றுப்புண் ஆபத்து கூடும், போதாக்குறைக்கு பிபியையும் ஏற்றும். கவுண்டரில் நிற்கும்போது யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது, இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

நோய்ப்பரவியல் மாணவி:

அக்கா சொன்னது சரி. ஆராய்ச்சி என்று கேட்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் நம்பிக்கை வெறும் வதந்தியிலிருந்து வந்தது இல்லை. 1989-ல் அமெரிக்காவில் 22,071 ஆண் டாக்டர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு முதல் ஹார்ட் அட்டாக் 44 சதவீதம் குறைவு. அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க, எதுவும் வராதவர்களுக்கும் ஆஸ்பிரின் எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் மொத்த இறப்பு அதனால் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. அப்புறம் முப்பது வருடத்தில் நிலைமை மாறிவிட்டது, புகைப்பது குறைந்தது, பிபிக்கும் கொழுப்புக்கும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன, ஆஸ்பிரின் தனியாகச் செய்ய வேண்டிய வேலை சுருங்கிவிட்டது. 2018-ல் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து நடந்து முடிந்தது, பெரும்பாலும் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஹார்ட் அட்டாக், பக்கவாதம் குறிப்பிட்டுச் சொல்லும்படி குறையவில்லை. பெரிய ரத்தக் கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாக ஏறியது. அதே வருடம் அசெண்ட் ஆய்வு 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்தது. அதில் லாபம் இருந்தது, 9.6 சதவீதம் 8.5 ஆனது, ஆனால் ரத்தக் கசிவு 3.2-லிருந்து 4.1 ஆனதால் கிடைத்த லாபத்தைப் பெரும்பாலும் அது தின்றுவிட்டது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2022-ல் 60 வயதுக்கு மேல் எந்த இதய நோயும் இல்லாதவர்கள் புதிதாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அப்பாவுக்கு வயது 64, அவர் சரியாக அந்தக் கூட்டத்தில் வருகிறார்.

இப்போது பிபிக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். தலைவலி இல்லாவிட்டால் பிபி இல்லை என்பது ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே கொண்டிருந்த எண்ணத்துக்குப் பக்கத்தில் வருவது. வயதானால் பிபி ஏறத்தான் செய்யும், உடம்புக்கு அது தேவை, தொடக் கூடாது என்று நினைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இதய டாக்டர் பரிசோதித்தபோது 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு வந்து இறந்தார், அப்போது எடுத்த அளவு 300/190. உலகத்திலேயே அதிக வசதி உள்ள நோயாளிக்குக்கூட அன்று கொடுக்க நல்ல மருந்து இல்லை. 1948-ல் அமெரிக்க அரசு பணம் ஒதுக்கி மாசசூசெட்ஸில் ஃப்ரேமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் 5,209 பேரை எடுத்துக்கொண்டு, யாருக்கு என்ன இருக்கிறது, பின்னால் யாருக்கு நோய் வருகிறது என்று வருடக்கணக்கில் கூடவே நின்று பார்த்தார்கள். இன்றைக்கு அவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் வரைக்கும் அந்த ஆய்வு தொடர்கிறது. பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட் என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசும் ஆபத்துக் காரணிகள் எல்லாம் நிலைபெற்றது அந்த ஊர் மக்களால்.

அவர்கள் வெள்ளைக்காரர்கள், நமக்கு அது பொருந்துமா என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத்தான் பெங்களூர் செயின்ட் ஜான்ஸில் படித்த சலீம் யூசுஃப் தலைமையில் இன்டர்ஹார்ட் நடந்தது, 52 நாடுகள், இந்தியாவும் இலங்கையும் உண்டு, 2004-ல் முடிவு வந்தது. கெட்ட கொழுப்பு, புகை, பிபி, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பு குறைவு, மது சம்பந்தப்பட்டது என ஒன்பது காரணிகளே முதல் ஹார்ட் அட்டாக்கில் ஆண்களுக்கு 90 சதவீதத்தையும் பெண்களுக்கு 94 சதவீதத்தையும் விளக்கின. எல்லா நாட்டிலும் அதே ஒன்பதுதான். நம் பக்கத்து வித்தியாசம் வயது. தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் சராசரியாக 53 வயதில், மற்ற நாட்டவருக்குச் சுமார் 59-ல். நமக்கு மட்டும் ஏன் முந்தி வருகிறது என்று பிரித்துப் பார்த்தபோதும் பெரும்பகுதி இதே காரணிகள் நம்மிடம் இளவயதிலேயே கூடுதலாக இருப்பதுதான் என்று தெரிந்தது.

பக்கவாதத்துக்கு இன்டர்ஸ்ட்ரோக் என்று 32 நாடுகளில் செய்தார்கள், 2016-ல் வந்தது. பத்துக் காரணிகள் சுமார் 90 சதவீதம். அதில் பிபி மட்டுமே ஏறக்குறைய பாதி. பிபி மாத்திரை போட்டால் என்ன குறையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது, பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் பார்த்தபோது மேல் அளவு 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் 27 சதவீதம் குறைந்தது, இதயச் செயலிழப்பு 28 சதவீதம், மொத்த இறப்பு 13 சதவீதம். எந்த ஆஸ்பிரினும் அப்பா மாதிரி ஒருவருக்கு இதைக் கொடுக்காது. அவர் விட்டது எது என்று இதை வைத்து அவரிடம் சொல்லுங்கள்.

கிட்னி விஷயம் தலைகீழாகப் பரவியிருக்கிறது. கிட்னி கெட்டுப்போக சர்க்கரைக்கு அடுத்தபடி பெரிய காரணமே கட்டுக்குள் வராத பிபிதான். டெல்மிசார்ட்டன் வகை பிபி மாத்திரை ஆரம்பித்ததும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஒருமுறை பார்ப்பார்கள், அது எச்சரிக்கைக்கு. அதே வகை மாத்திரைகளைத்தான் சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கிட்னியைக் காப்பாற்றவே எழுதுகிறார்கள்.

---

இயற்கைவழி:

எல்லாவற்றுக்கும் மாத்திரை என்றால் எப்படி? கம்பெனிகள் பணம் கொடுத்துத்தான் இந்த ஆய்வுகள் நடக்கின்றன. மருதம்பட்டைக் கஷாயமும் பூண்டும் போதும், நம் தாத்தாக்கள் எந்த மாத்திரை சாப்பிட்டார்கள்? உணவைச் சரி செய்யாமல் மாத்திரை மட்டும் விழுங்கி என்ன பயன்?

---

நோய்ப்பரவியல் மாணவி:

உணவு பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் உப்பு என்கிறது, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு, சமையல் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் சேர்த்து. உப்பை மட்டும் மாற்றிப் பார்த்த அருமையான ஆய்வு ஒன்று சீனாவில் 600 கிராமங்களில் நடந்தது, கிட்டத்தட்ட 21,000 பேர், முன்பே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது பிபி உள்ள முதியவர்கள். சாதாரண உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள், 2021-ல் முடிவு வந்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. கிட்னி பிரச்சினை இருப்பவர்களும் டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் மாதிரி மாத்திரை போடுபவர்களும் அந்த உப்பை டாக்டரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

கம்பெனி பணம் பற்றிய சந்தேகமும் நியாயமானது, யார் பணம் என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஃப்ரேமிங்ஹாம் அரசுப் பணம். ஆஸ்பிரினை எல்லோரும் போட வேண்டாம் என்று சொன்னதும் இதே ஆராய்ச்சி முறைதான், விற்பனையைக் குறைக்கும் முடிவு அது. அம்லோடிபின் மாதிரி பிபி மாத்திரைகள் காப்புரிமை முடிந்து பல வருடமாகின்றன, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். மருதம்பட்டை அப்படிப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு பக்கவாதத்தைத் தடுத்ததாகக் காட்டப்படவில்லை. கஷாயம் குடிப்பவர் குடிக்கட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

---

மலைக்கோட்டைவாசி:

இந்தப் பேச்சில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆஸ்பிரின் வீட்டில் இருக்கும்போது அப்பாவுக்கு திடீரென்று வாய் கோணினாலோ ஒரு கை தொங்கினாலோ பேச்சு குழறினாலோ யாராவது ஓடிப்போய் அந்த மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கவே கூடாது. பக்கவாதம் இரண்டு வகை, ஒன்று குழாய் அடைப்பு, இன்னொன்று ரத்தக் கசிவு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடு. தண்ணீர், காபிகூடக் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

என் அம்மாவுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனோம். அங்கே ஸ்கேன் வசதி இல்லை, அதைச் சொல்லாமல் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள், நேரம் அதில் போய்விட்டது. அம்மாவுக்கு வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. அதனால் இப்போதே விசாரித்து வையுங்கள், உங்கள் ஊரில் ராத்திரியிலும் சி.டி. எடுத்து, உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் இடம் எது என்று. அந்த ஊசியை அறிகுறி ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதலில் 1995-ல் அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரம் என்றது, 2008-ல் ஐரோப்பிய ஆய்வு நாலரை வரை பலன் உண்டு என்று காட்டியது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு கட்டியை உருவி எடுக்கிறார்கள், ஸ்கேனில் மூளையில் காப்பாற்ற இன்னும் பகுதி இருக்கிறது என்று தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் வந்தது. அதற்காக மெதுவாகப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தூங்கி எழும்போது வந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இன்னொன்று, கை மரத்து அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது சின்னப் பக்கவாதம். ஆக்ஸ்ஃபோர்டில் 2007-ல் செய்த ஆய்வில், அப்படி வந்தவர்களுக்கு உடனே சிகிச்சை ஆரம்பித்தபோது, மூன்று மாதத்துக்குள் பெரிய பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாக இறங்கியது.

---

அமராவதிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரூஸ்வெல்ட் கதையைத்தான் அப்பா வாய் திறக்காமல் கேட்டார். நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தோம், 168/96. ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அம்லோடிபின் மறுபடி ஆரம்பம். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அங்கே வெளியே வந்தது. மருந்தாளுநர் அக்கா, நீங்கள் கேட்கச் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்திருக்கிறோம், இனி மாத்திரை வீட்டுக்கே வரும்.

இரண்டு சந்தேகம். அப்பாவுக்குப் பரம்பரை ஆபத்து என்று கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா? அப்புறம், நெஞ்சுவலி வந்தால்கூட ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாதா?

---

இரவுப்பணி டாக்டர்:

தாமதமாகப் பார்த்தேன். நெஞ்சுவலி வேறு கதை. நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவுவது, வியர்த்துக் கொட்டுவது என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆஸ்பிரின் அலர்ஜியோ வயிற்றில் ரத்தக் கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லலாம். 1988-ல் 17,187 பேரிடம் நடந்த ஆய்வில், அட்டாக் வந்தவுடன் ஆஸ்பிரின் ஆரம்பித்தது மட்டுமே ஐந்து வாரத்தில் இறப்பை 23 சதவீதம் குறைத்தது. கேஸ் என்று நினைத்து சோடா, இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டு காத்திருப்பதில்தான் நம் ஊரில் உயிர் போகிறது. கார் ஓட்டிக்கொண்டு தனியாக வருபவர்களையும் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் இருக்கும். தமிழ்நாட்டிலேயே, சின்ன ஆஸ்பத்திரியில் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆஞ்சியோவுக்கு அனுப்பும் ஏற்பாட்டை 2,420 பேரிடம் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள், ஒரு வருட இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. பக்கத்து நிலையத்துக்குப் போவதை வீண் என்று நினைக்காதீர்கள்.

பரம்பரை என்று நாங்கள் தனியாகக் கணக்கில் எடுப்பது உடன்பிறந்த ஆணுக்கோ அப்பாவுக்கோ 55 வயதுக்கு முன், உடன்பிறந்த பெண்ணுக்கோ அம்மாவுக்கோ 65-க்கு முன் வந்திருந்தால். உங்கள் பெரியப்பாவுக்கு 67. அதனால் அப்பாவுக்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா என்பதை அண்ணனை வைத்து முடிவு செய்வதில்லை, அவருடைய வயது, பிபி, எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். எல்.டி.எல் சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் அட்டாக்கும் பக்கவாதமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 64 வயதில், இந்த பிபியோடு, பலருக்கு எழுதவே வேண்டியிருக்கும், ரத்தப் பரிசோதனை முடிவோடு போய்க் கேளுங்கள்.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினால் அவராக நிறுத்தாமல் வந்து சொல்லட்டும், மாற்றித் தர வேறு மாத்திரைகள் உண்டு. வீட்டில் பிபி பார்ப்பதென்றால் டீ, காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசை மேல் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். மேல் கைப்பட்டை உள்ள மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்.

பெரியப்பா வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல் பிடுங்க வேண்டும், கண் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று யாராவது ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, முதல் வருடத்தில் கண்டிப்பாகக் கூடாது. அந்த டிஸ்சார்ஜ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து அவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.